ஈரலை யார் சாப்பிடுவார்கள்?

கடலுக்குத் திரும்ப உயிர் கொடுத்த மனிதர் ஒரு மீனைக்கூட வாயில் வைத்ததில்லை. பேராசிரியர் திருமலையப்பன் தென்காசிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வேலை பார்த்த மையத்துக் கேன்டீனில் மீன் குழம்பு மணக்கிற நாட்களில் அவருக்கு மட்டும் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரும். கலவாய் மீனின் செவுளில் எத்தனை வரிசை என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். அது என்ன ருசி என்று கேட்டால், "அதை ஜெசிந்தாகிட்ட கேளுங்க" என்று சிரிப்பார்.

ஜெசிந்தா அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கடற்கரையில் பிறந்த ஒரே மாணவி அவள்தான். மற்றவர்கள் சேலம், கோயம்புத்தூர் என்று உப்புக்காற்று படாத ஊர்களிலிருந்து, டால்பின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தவர்கள். முதல் வருடம் படகில் ஏறி வாந்தியெடுத்துவிட்டு, இரண்டாம் வருடம் மைக்ராஸ்கோப்பே போதும் என்று கரையில் ஒதுங்கிவிடுகிற கூட்டம். ஜெசிந்தாவின் ஊரான சிப்பியோடை, மையத்தின் மதில்சுவரை ஒட்டியே இருந்தது.

அவள் படிக்க வந்தபோது கடல் செத்துக் கிடந்தது. வருடா வருடம் நீர் சூடேறி, பவளப்பாறைகள் வெளுத்து எலும்புக்கூடாகிவிட்டன. ஊர்க்காரர்கள் அந்தப் பாறைகளைப் 'பாரு' என்பார்கள். பாரை நம்பி மீன் இருந்தது, மீனை நம்பிச் சிப்பியோடை இருந்தது. பாரு போனதும் படகுகளைக் கரையேற்றிவிட்டு ஆண்கள் ஓசூருக்கு வாட்ச்மேன் வேலைக்கும் கேரளத்துக்குக் கல் உடைக்கவும் போனார்கள். ஜெசிந்தாவின் அக்கா ஸ்டெல்லாவின் புருஷன் கஸ்பாரும் ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் சீருடை போட்டு நின்றான். சுழல்காற்றில் படகைத் திருப்பிக் கரை சேர்த்தவன் அங்கே கார்களுக்குக் கேட் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான்.

முதல் வகுப்பில் திருமலையப்பன் விஷயத்தை எளிதாகவே சொன்னார்.

"பவளம் கல் இல்ல, செடியும் இல்ல. அது ஒரு பிராணி. அதோட உடம்புக்குள்ள ஒரு பாசி வாடகைக்குக் குடியிருக்கு. வெயில்ல சமைச்சு வீட்டுக்காரனுக்குச் சாப்பாடு போடறதுதான் வாடகை. தண்ணி ரொம்பச் சூடானா பாசிக்குக் கிறுக்குப் பிடிச்சிடுது. வீட்டுக்காரன் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடறான். தள்ளிட்டு அவனே பட்டினி கிடந்து சாகறான். நாம என்ன பண்ணப்போறோம்னா, எவ்வளவு சூட்டுலயும் கிறுக்குப் பிடிக்காத ஒரு குடித்தனக்காரனை உண்டாக்கி உள்ள அனுப்பப்போறோம்."

"அவனுக்கு மட்டும் எப்படி சார் கிறுக்குப் பிடிக்காது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நல்ல கேள்வி. அவன் தனக்குள்ள ஒரு பொருளைச் செஞ்சுக்குவான். சூடு உறைக்காம இருக்கறதுக்கு ஒரு மருந்து மாதிரி."

"கடலுக்கே கட்டிங்கா சார்?" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

சிரித்ததெல்லாம் போகட்டும், பாசி வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. ஜெசிந்தா முக்குளித்துப் போய்ப் பாறைகளில் ஊசியால் பாசியை ஏற்றினாள். அவளோடு இறங்கிய மாணவர்கள் எல்லோரும் காது வலி, மூக்கில் ரத்தம் என்று தவணை முறையில் நின்றுவிட, அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். வெள்ளை எலும்புகளில் முதலில் டீ கறை மாதிரி ஒரு பழுப்பு ஏறியது. பிறகு பச்சை. பிறகு சின்ன மீன்கள் வந்தன, அவற்றைத் தின்னக் கலவாய் வந்தது. கடல் அடியில் கலவாய் தன் பொந்திலிருந்து எட்டிப் பார்த்த நாளில் ஜெசிந்தா முகமூடிக்குள்ளேயே அழுதாள். கஸ்பார் ஓசூர்ச் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பஸ் ஏறினான். இரண்டு முறை கரு தங்காமல் போன ஸ்டெல்லா மூன்றாவது முறை உண்டானாள். பாரு பிழைத்த வருடத்துப் பிள்ளை இது, தங்கிவிடும் என்று ஊரே சொன்னது.

அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அந்தப் பாரில் பிடிக்கிற மீனில் நஞ்சு ஏதும் இல்லை என்று மையம் வாராவாரம் சோதித்துச் சொல்ல வேண்டும். சோதனை முறையைத் திருமலையப்பனே எழுதினார். முதுகுத் துடுப்புக்குக் கீழே இரண்டு விரல் அகலம் சதை வெட்டி, அரைத்து, கருவியில் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. மீன் என்றால் அந்தத் தேசங்களில் தோலுரித்த ஒரு வெள்ளைத் துண்டுதானே. வாராவாரம் சோதனையில் சதை சுத்தமாக இருந்தது, வாராவாரம் கடிதம் போனது, வாராவாரம் படகுகள் போயின.

வெட்டியது போக மீதி மீன் தட்டில் கிடக்கும். நல்ல மீன். தலையும் ஈரலும் முழுசாக. சேலத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

"வீணாக்காதம்மா, வீட்டுக்குக் கொண்டு போ" என்று திருமலையப்பனே சொன்னார். "உங்க அக்கா மாசமா இருக்காங்கல்ல?"

அவர் சொன்னது நல்ல மனதோடுதான். ஜெசிந்தா ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டு போனாள். சிப்பியோடையில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கலவாய் ஈரலைச் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு உதிர்த்து வதக்கிக் கொடுப்பார்கள். பிள்ளைக்கு முடி கருகருவென்று வளரும், பெற்றவளுக்கு இடுப்பு உறுதியாகும் என்று நம்பிக்கை. தலை குழம்புக்குப் போகும். கஸ்பாருக்கு அந்தக் குழம்பு என்றால் உயிர். ஜெசிந்தா மட்டும் மூன்று வேளையும் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவாள். ஊரிலும் யாரும் சதையை விற்காமல் வைத்துக்கொள்வதில்லை. சதை டவுனுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கும் போகும், தலையும் குடலும் ஈரலும்தான் வீட்டுச் சட்டிக்கு.

ஸ்டெல்லாவுக்குப் பெண் பிறந்தது. கருகருவென்று முடியோடுதான் பிறந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை, வகுப்புக்குப் போகிற வழியில் ரோசம்மா கடையில் ஜெசிந்தா டீ குடிக்க நின்றாள். பெஞ்சில் கஸ்பாரும் அவன் கூட்டாளிகளும் இருந்தார்கள்.

"என்ன ரோசம்மக்கா, டீயா தாரிய, கழனித் தண்ணியா? ஆறிப் பச்சத் தண்ணியாக் கெடக்கு" என்றான் கஸ்பார்.

"ஏல, கண்ணு தெரியலையா ஒனக்கு? ஆவி பறக்குது. காலையிலயே ஊத்திட்டு வந்துட்டியா?"

"சூடா இருந்தா இப்படிக் குடிக்க முடியுமா? பாத்துக்கோங்க." கஸ்பார் கிளாஸை ஒரே மடக்கில் கவிழ்த்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கும் ஒடம்பு ஒரு தினுசாத்தான் இருக்கு" என்றான் பக்கத்தில் இருந்த லூர்துசாமி. "ஐஸ் அள்ளி மீனுக்குப் போட்டா கையி சுடுது. தீயில வச்ச மாதிரி. வெயிலு மண்டைக்குள்ள ஏறிட்டு போல."

"எளநி குடி. உடம்புச் சூடுல அது" என்றான் இன்னொருவன்.

கஸ்பார் பெஞ்சில் வைத்த காலி கிளாஸை ஜெசிந்தா தொட்டாள். தொட்ட விரலை உடனே எடுத்துவிட்டாள். "அத்தான், நாக்கை நீட்டுங்க" என்றாள்.

"ஏட்டி, நீ மீன் டாக்டர்தான?"

"நீட்டுங்க."

நாக்கு முழுக்க வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது. அவனுக்கு அது தெரியவேயில்லை. மூன்றாவது பருவத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது. பாறை மீன்களால் வரும் நஞ்சின் அறிகுறிகளை விளக்குக. சூடு குளிர்ச்சியாகவும் குளிர்ச்சி சூடாகவும் தெரியும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். டீக்குக் காசு கொடுக்கவும் மறந்து மையத்துக்கு ஓடினாள்.

திருமலையப்பன் கேட்டுவிட்டு நிதானமாகவே சொன்னார். "ஒவ்வொரு வாரமும் நீதானம்மா சோதிக்கிற. சுத்தமா இருக்கே."

"சதை சுத்தமா இருக்கு சார். ஈரல் பாத்தோமா?"

"ஈரலா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஈரலை யார் சாப்பிடுவாங்க?"

அவர் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் கலவாய் ஈரலை அரைத்துக் கருவியில் வைத்தார்கள். திரையில் கோடு எழும்பிய உயரத்தைப் பார்த்துவிட்டு, கருவி கெட்டுவிட்டதோ என்று அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாசி தனக்காகச் செய்துகொண்ட மருந்தைச் சின்ன மீன் பவளத்தோடு சேர்த்துக் கொறித்தது. சின்ன மீன் நூறைக் கலவாய் தின்றது. கலவாயின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போனது. சூடு உறைக்காமல் இருக்க ஒரு மருந்து. இப்போது ஊருக்கே உறைக்கவில்லை.

"உடனே சொல்லிடணும் சார்" என்றாள் ஜெசிந்தா.

"யாருகிட்ட? என்னன்னு?" திருமலையப்பன் கோபப்படவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் பேசினார். "ஒரு தடவை வந்தது முடிவு இல்லம்மா. மூணு தடவை செஞ்சு மூணும் ஒண்ணா வந்தாத்தான் முடிவு. நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்னிக்குச் சொன்னா நாளைக்கே அரசாங்கத்துக்காரன் பாறை மேல சுண்ணாம்பைக் கொட்டிக் கொன்னுடுவான். நீ ஊசி போட்டு வளர்த்த பாறை. உங்க அத்தான் மறுபடி ஓசூருக்கு பஸ் ஏறணும். இந்தப் பாசியை இனி ஜென்மத்துக்கு எவனும் தொட மாட்டான். அப்புறம் இந்தக் கடல் செத்தது செத்ததுதான்."

"சனங்க சாப்பிடுறாங்களே சார்."

"சாகடிக்கிற விஷம் இல்ல இது. நீயே படிச்சிருக்க. சாப்பிடறதை நிறுத்தினா ஒண்ணு ரெண்டு மாசத்துல தானா இறங்கிடும். அடுத்த வாரச் சோதனை வரைக்கும் பொறு. அதுவரைக்கும் ஈரல் வேண்டாம்னு உங்க வீட்ல சொல்லிக்கோ."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான். அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் ஜெசிந்தா எதிர்த்திருப்பாள். உண்மையைச் சொன்னதால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஸ்டெல்லா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் தட்டில் வதக்கிய ஈரல்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு ஈரலும் தலையும் வேண்டாம்."

"ஏட்டி? நீதான கொண்டாந்து குமிச்ச."

"பாலுக்கு ஆகாதுன்னு படிச்சேன். அப்புறம்... கொஞ்சம் பால் வேணும். பாட்டில்ல. லேப்ல பாக்கணும்."

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "மாட்டைக் கறக்கிற மாதிரி என்னைக் கறக்க வந்திருக்கியா? ஏங்க, இங்க வாங்க. உங்க கொழுந்தியா படிச்ச படிப்பைப் பாருங்க." சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். தங்கச்சி கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை.

பால்தான் ஜெசிந்தாவின் பயம் முழுவதும். தாய்க்குள் போன நஞ்சு பாலில் இறங்குமா, பிள்ளைக்குப் போகுமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். பால் பவுடர் வாங்கி வந்து கொடுத்தாள். ஸ்டெல்லா அதை அலமாரியில் வைத்துவிட்டு முலைப்பாலே கொடுத்தாள். கைகால் குறுகுறுக்கிறது என்று ஸ்டெல்லா ஒருமுறை சொன்னாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று கஸ்பார் சொன்னான். ஜெசிந்தா வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை ஆகவில்லையே.

இரண்டாம் தடவை ஈரல் சோதித்த அன்றே பாலையும் வைத்தாள். ஈரலில் கோடு அதே உயரத்துக்கு எழும்பியது. பாலில் ஒன்றுமே இல்லை. படுத்த கோடு. அவள் மூன்று முறை பார்த்தாள். மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லி, ஆய்வகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அவள் படித்த படிப்பு முழுவதும் சேர்ந்து அதைத்தான் சொன்னது.

போன் அடித்தபோது அவள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைப் பின்னால் கஸ்பார் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்டெல்லா புழக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் காலில் போட்டிருந்தாள். வாளியில் வெந்நீர் விளாவிவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். எல்லாத் தாய்மாரும் பார்க்கிற மாதிரிதான். சில்லென்று இருந்தது. பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று கஸ்பாரைக் கூப்பிட்டு அடுப்பிலிருந்து இன்னும் ஒரு செம்பு ஊற்றச் சொன்னாள். அவனும் கையை வைத்துப் பார்த்தான். இன்னும் ஒரு செம்பு ஊற்றினான். இப்போது சரியாக இருக்கும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். முதல் குவளையை ஊற்றியதும் பிள்ளை வீரிட்டது. குளிப்பாட்டும்போது அழாத பிள்ளை எங்கே இருக்கிறது? அவள் ராராரோ சொல்லிக்கொண்டே இரண்டாவது குவளையையும் ஊற்றினாள். அப்புறம்தான் பார்த்தாள்.

பிள்ளை மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் போய்விட்டது.

பச்சைப் பிள்ளை வெந்து செத்தால் டாக்டர்கள் போலீசுக்குச் சொல்லத்தான் செய்வார்கள். போலீசுக்குக் கதை தயாராக இருந்தது. பொம்பளைப் பிள்ளை. அப்பனும் ஆத்தாளும் கூடவே இருந்திருக்கிறார்கள். தண்ணீரைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றினோம் என்று இரண்டு பேரும் சாதிக்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சியாக இருந்தது என்று சொன்னால் எவன் நம்புவான்? அடக்கம் முடிந்ததும் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். ஊரில் சிலரே, ஆம்பளப் பிள்ளைக்கு நேந்திருந்தாவளாம் என்று குசுகுசுத்தார்கள். இரண்டு கருவுக்கு அழுத பெண்ணைப் பற்றி அப்படிப் பேச அவர்களுக்கு எப்படி நாக்கு வந்ததோ.

ஜெசிந்தா திருமலையப்பனுக்குப் போன் செய்தாள்.

"சார், நான் ஸ்டேஷனுக்குப் போறேன். எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

"சொன்னா எல்லாம் போச்சு ஜெசிந்தா."

"பிள்ள போச்சு சார்."

"போம்மா" என்றார் கடைசியில். "போய்ச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் பொன்னுத்துரை கெட்டவர் இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கதைகளை நிறையக் கேட்டவர். ஸ்டெல்லாவும் கஸ்பாரும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லாவின் ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது. பெண் போலீஸ் ஒருத்தி தன் துண்டை அவள்மேல் போட்டிருந்தாள்.

ஜெசிந்தா பாசியையும் கலவாயையும் ஈரலையும் தன்னால் முடிந்த அளவுக்குச் சொன்னாள். பிறகு ஒரு டம்ளரில் டீக்கடை வெந்நீரும் இன்னொன்றில் ஐஸ் தண்ணீரும் வாங்கி வைத்து, அக்காவைத் தொடச் சொன்னாள். ஸ்டெல்லா ஐஸ் தண்ணீரைத் தொட்டுக் கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"நடிக்கச் சொல்லிக் கூட்டியாந்தியாம்மா?" என்றார் பொன்னுத்துரை. "நானும் படிச்சவன்தான். சூடு குளிராத் தெரியுமாம். ஏல, ஒரு சோடா எடுத்துட்டு வா. தலைய வலிக்குது."

ஏட்டு ஐஸ் பெட்டியிலிருந்து சோடாவை எடுத்து வந்தார். பாட்டில் வேர்த்து வடிந்தது. இன்ஸ்பெக்டர் வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து, மேசையில் பட்டென்று வைத்தார்.

"என்னவே இது, வெந்நியையா அடைச்சி வச்சிருக்கான்? உதடு வெந்துபோச்சு."

"ஐயா, காலையிலருந்து ஐஸ்ல கெடக்குய்யா" என்றார் ஏட்டு.

பொன்னுத்துரை பாட்டிலைப் பார்த்தார். அதன்மேல் ஒரு விரலை வைத்தார், எடுத்தார். வெந்நீர் டம்ளரைக் கை முழுக்கப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம வீட்டுல வாரம் நாலு நாளு கலவாய்த் தலைதான்" என்றார் மெதுவாக. "எல்லாருக்குந்தான்." சட்டென்று முகம் வெளுத்தது. போனை எடுத்தார். "ஏய், நாந்தான். பேரப்பிள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டியா? ஊத்தாத. ஊத்தாதன்னு சொல்லுதேன். அடுப்ப அமத்து. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வா. யாரும் தண்ணியத் தொடக் கூடாது. ஏன்னு அப்புறம் சொல்லுதேன், நீ மொதல்ல வெளிய வா!"

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். ஸ்டெல்லா இருந்த பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை.

"அந்தம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "கலெக்டர்கிட்ட நான் பேசுதேன். ஊர் ஊராச் சொல்லணும்." பிறகு, வழக்கமான கேள்வி என்பதால் கேட்டார். "இது உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பியிருப்பார். ஜெசிந்தா அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் பரீட்சை முடிவு வரும் நாளில் பார்ப்பாளே, அப்படி.

"போன வாரம்" என்றாள் ஜெசிந்தா.

ஸ்டெல்லா தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். தங்கச்சியைக் கடந்து வெளியே போனாள். கஸ்பார் பின்னால் போனான்.

அதற்குப் பிறகு எல்லாம் திருமலையப்பன் சொன்னபடியே நடந்தது. படகுகளில் சுண்ணாம்பு மூட்டைகள் போயின. பாசி எந்தெந்தப் பாறையில் இருக்கிறது என்று காட்ட ஜெசிந்தாவைத்தான் கடலுக்குள் இறக்கினார்கள். அவள் கை வைத்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பு இறங்கியது. ஒரு கலவாய் பொந்தைவிட்டு வராமல் அங்கேயே கிடந்தது. மேலே படகில் திருமலையப்பன் சுண்ணாம்புத் தூசிக்காக மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. அடுத்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தென்காசிக்குப் போய்விட்டார். சிப்பியோடை ஆண்கள் மறுபடி பஸ் ஏறினார்கள். கஸ்பார் மட்டும் போகவில்லை. பெண்டாட்டியைத் தனியாக விட அவனுக்குப் பயமாக இருந்தது.

ஸ்டெல்லா தங்கச்சியோடு பேசவில்லை. ஜெசிந்தா விடுதியில் தங்கிக்கொண்டு, அக்கா வீட்டு வாசல்வரை வந்து போவாள். உள்ளே போக மாட்டாள். அங்கிருந்தே தெரியும். ஸ்டெல்லா புழக்கடையில், அதே இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு பேசின். பேசின் நிறைய ஐஸ் தண்ணீர். இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அதில் விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணில் நீர் ஓட அசையாமல் இருப்பாள்.

"எடுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கா" என்றான் கஸ்பார் வாசலில். "பிள்ளைக்கு இப்படித்தான இருந்திருக்கும்னு சொல்லுதா. தினம் சொல்லுதா."

ஜெசிந்தாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மையத்துக்குத் திரும்பி நடந்தாள்.

மாதங்கள் போயின. நஞ்சு தானாக இறங்கியது. ரோசம்மா கடையில் கஸ்பார் டீயை ஊதிக் குடித்தான். இன்ஸ்பெக்டர் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு ஆண்டு நிறைந்தது. மையத்தில் திருமலையப்பனின் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆய்வகத்தின் ஆழ்குளிர்ப் பெட்டியில் அந்த வருடத்து ஈரல் மாதிரிகள், விசாரணைக்கு வேண்டியிருக்கும் என்று, உறைக்குள் போட்டு முத்திரையிட்டு இருந்தன. சாவி ஜெசிந்தாவிடம் இருந்தது.

ஒருநாள் ஜெசிந்தா வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது வாட்ச்மேன் வந்து, கேட்டில் உங்க அக்கா நிற்கிறாவ என்றார். ஜெசிந்தா சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஸ்டெல்லா வேப்பமரத்தடியில் நின்றாள். இளைத்திருந்தாள். கைகள் மணிக்கட்டுவரை தோல் வெளிறிச் சுருங்கியிருந்தன. கூப்பிடாமலே ஜெசிந்தா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏட்டி" என்றாள் ஸ்டெல்லா.

அந்த ஒரு சொல்லுக்கே ஜெசிந்தா தேம்பத் தொடங்கினாள். ஸ்டெல்லா அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு மூணு நாளா ஐஸு சுட மாட்டேங்குதுட்டி. வெறுஞ் சில்லுன்னுதான் இருக்கு. எவ்வளவு நேரம் வச்சாலும் சில்லுன்னுதான் இருக்கு."

"சரியாயிடுச்சுக்கா. உடம்பு சரியாயிடுச்சு."

ஸ்டெல்லா அதைக் காதில் வாங்கவில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது வேண்டுமென்றால் அவள் இப்படித்தான் பிடிப்பாள்.

"லேப்புல அந்த ஈரல் கொஞ்சம் மிச்சம் கெடக்குமா?" என்று கேட்டாள்.